தம்பியின் போனைப் பிடுங்கி வைக்கலாமா?

வேளச்சேரி அக்கா:
தம்பி இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். போன செமஸ்டரில் கணக்கில் அரியர் விழுந்துவிட்டது. ராத்திரி புத்தகத்தோடுதான் உட்காருகிறான், ஆனால் பக்கத்திலேயே போன், ரீல்ஸ் ஓடிக்கொண்டே இருக்கிறது. பீரோவில் வைத்துப் பூட்டு என்கிறார் அப்பா. இன்டர்னல் போர்ஷன், நோட்ஸ் எல்லாமே கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில்தான் வருகிறது, போன் இல்லாமல் எப்படிப் படிப்பது என்கிறான் அவன். அதுவும் நியாயமாகத்தான் படுகிறது. என்ன செய்யலாம்?

குரோம்பேட்டை வாத்தியார்:
பூட்ட வேண்டாம்மா. எவ்வளவு நேரம் பார்க்கிறான் என்பதைவிட, படிக்கும்போது பார்க்கிறானா என்பதுதான் முக்கியம். கலிபோர்னியாவில் உளவியல் பேராசிரியர் லாரி ரோசன் குழு 263 மாணவர்களை வீட்டில் படிக்கும்போது 15 நிமிடம் கூடவே இருந்து கவனித்து 2013-ல் எழுதினார்கள், சராசரியாக 6 நிமிடம்கூடத் தொடர்ந்து படிக்கவில்லை. கணக்கில் இது ரொம்பவே அடிக்கும். இன்டக்ரேஷன் பை பார்ட்ஸ் என்று, பெருக்கலில் இருக்கும் இரண்டில் ஒன்றை யூ என்று எடுத்துப் போடும் கணக்கு இருக்கிறது, அதை நாலாவது வரி வரை கொண்டுவந்த பையன் ஒரு மெசேஜ் பார்த்துவிட்டுத் திரும்பினால், எதை யூ என்று எடுத்தோம் என்பதே மறந்து மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பிப்பான். படிக்கும் நேரம் மட்டும் போன் ஹாலில் இருக்கட்டும்.

தேர்டு இயர் ஈசிஇ:
அக்கா, நோட்ஸ் பிடிஎஃப்பை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போடச் சொல்லுங்கள், போனைத் தொடும் சாக்கே பாதி போய்விடும். இன்ஸ்டாவுக்கு டைமர் அவனே வைக்க வேண்டும், நீங்கள் வைத்தால் அடுத்த நிமிஷம் எடுத்துவிடுவான். லீவு நாளில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு அனுப்புங்கள், சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கவே தனி இடம் இருக்கிறது.

தாம்பரம் வாசி:
எல்லாம் சரி, ஆனால் ரீல்ஸால்தான் அரியர் என்று எப்படி முடிவு கட்டினோம்? பாடம் புரியாததால்கூட அங்கே ஓடியிருக்கலாம் இல்லையா? 2012-ல் ரேனால் ஜுன்கோ என்ற ஆய்வாளர் கல்லூரி மாணவர்களிடம் செய்த ஆய்வில், ஃபேஸ்புக்கில் அதிக நேரம் இருந்தவர்களுக்கு மார்க் குறைவு, அதே ஃபேஸ்புக்கில் தகவல் தேடிப் பகிர்ந்தவர்களுக்கு மார்க் கூடுதல். அதிலும்கூட எதனால் எது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. முதலில் எந்த யூனிட்டில் மாட்டிக்கொண்டான் என்று கேளுங்கள், திட்டாமல்.

வேளச்சேரி அக்கா:
கேட்டேன். ஃபூரியர் சீரிஸ் யூனிட்டில்தானாம். பார்முலா எல்லாம் தெரிகிறதாம், அதற்குள் போட வேண்டிய இன்டக்ரேஷன்தான் பிளஸ் டூவிலிருந்தே இடிக்கிறதாம், கிளாஸில் கேட்கக் கூச்சமாம். எங்களிடம் இதை இதுவரை சொன்னதே இல்லை. போனை ஹாலில் வைக்கச் சம்மதித்துவிட்டான். இன்டக்ரேஷனை அடியிலிருந்து தமிழில் நடத்தும் யூடியூப் சேனல் தெரிந்தவர்கள் லிங்க் போடுங்கள், ப்ளீஸ்.