வேக்ஸிங் முடிஞ்சு பத்து நாள்ல முடி தோலுக்குள்ளயே சுருண்டுக்குது, என்ன மாத்தணும்?

கேள்வி:
4 வாரத்துக்கு ஒரு தடவை பார்லர்ல முழுக்காலுக்கும் தேன் வேக்ஸ். பண்ணின அன்னைக்குச் சிவந்து மறுநாள் அடங்கிடுது. பத்துப் பன்னிரண்டு நாள் கழிச்சுத் தொடை பின்பக்கமும் முழங்காலுக்குக் கீழயும் கடுகு சைஸ்ல பொரிப்பொரியா வருது. சிலதுல முடி உள்ள சுருண்டு கிடக்கறது கறுப்பாத் தெரியுது. தினமும் வால்நட் ஸ்க்ரப் போட்டுத் தேய்ச்சும் குறையல, கிள்ளின இடமெல்லாம் கறுத்துப்போச்சு. நடுவுல அவசரத்துக்கு ரேஸரும் போடறதுண்டு. வேற க்ரீம் மாத்திப் பாக்கலாமா?

பதில் 1:
க்ரீம் அப்புறம். முடி வேரோட வருதா, ஒடியுதான்னு முதல்ல பாருங்க. அடுத்த தடவை இழுத்த ஸ்ட்ரிப்பைக் குப்பையில போடறதுக்கு முன்னாடி வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. முடியோட ஒரு நுனியில குட்டியா குமிழ் இருந்தா வேரோட வந்திருக்கு. நிறைய முடி குமிழ் இல்லாம மொட்டையா இருந்தா தோலுக்கு அடியிலயே ஒடிஞ்சிருக்கு. ரெண்டு மூணு நாள்ல கால் சொரசொரன்னு ஆனாலும் அதே அர்த்தம்தான். வேரோட போன முடி அவ்வளவு சீக்கிரம் எட்டிப் பாக்காது. ஒடிஞ்ச முனை கூரா இருக்கும். மேல வர்ற வழியில செத்த தோல் அடைச்சிருந்தா பக்கவாட்டுல குத்திக்கிட்டுத் திரும்பிடும். அந்த வீக்கம்தான் உங்க பொரி.

ஒடியறதுக்குப் பெரும்பாலும் இழுக்கற விதம்தான் காரணம். முடி வளர்ற திசையில வேக்ஸைத் தடவி, எதிர்த்திசையில, தோலை ஒட்டினாப்ல படுக்கவெச்சு ஒரே இழுப்பா இழுக்கணும். அவசரத்துல மேல் நோக்கித் தூக்கி இழுத்தா முடி பாதியில முறியும். இன்னொரு கை தோலை இழுத்துப் பிடிச்சிருக்கணும். தொடை பின்பக்கம் சதை தொளதொளன்னு இருக்கறதால அங்கதான் இதை விட்டுடுவாங்க. அதோட தொடையில முடி ஒரே திசையில வளராது, பக்கவாட்டுல திரும்பும். முழு நீளத்துக்குப் பட்டையாத் தடவாம சின்னச் சின்னப் பகுதியாப் பண்ணச் சொல்லிக் கேளுங்க. வேக்ஸ் ஆறிக் கெட்டியாகி, திட்டுத்திட்டா உக்காந்தாலும் இதே கதைதான். முடி நீளம் 6 மி.மீ. இருக்கணும், சுமாரா ஒரு அரிசி நீளம். ஒரே இடத்துல மூணாவது இழுப்பு வேண்டாம். மிச்சத்தை ப்ளக்கர்ல எடுக்கச் சொல்லுங்க.

ரேஸரை விட்டுடுங்க. அது முடியைக் கூரா வெட்டிவிடறதோட, அடுத்த வேக்ஸிங் சமயத்துல பாதி முடி பிடிபடாத நீளத்துலயே நிக்கும்.

பதில் 2:
மேல சொன்னதோட பராமரிப்பு. வால்நட் ஓட்டுத்தூள் தோலைக் கீறும். கீறின தோல் தடிச்சு, முடி வர்ற வாயை இன்னும் அடைக்கும். அதைத் தூக்கிப் போடுங்க. பீர்க்கங்காய் நாரும் கடலை மாவும்கூட பொரி இருக்கற இடத்துல வேண்டாம்.

வேக்ஸிங்குக்கு முந்தின நாள் மெல்லிசுத் துணியால லேசாத் தேய்ச்சுக் குளிச்சாப் போதும். அன்னைக்குக் கால்ல எண்ணெய், லோஷன் எதுவும் கூடாது, வேக்ஸ் பிடிக்காது. முடிஞ்சதும் குளிர்ந்த தண்ணியில நனைச்ச துணி 10 நிமிஷம். அடுத்த 24 முதல் 48 மணி நேரம் வெந்நீர், ஜிம், நீச்சல், இறுக்கமான லெக்கிங்ஸ், ஜீன்ஸ் எதுவும் வேண்டாம். நம்ம ஊர் வேர்வைக்குத் தொளதொள பருத்திப் பேன்ட்தான் தோது.

மூணாவது நாள்ல இருந்து 2% சாலிசிலிக் அமில லோஷன், வாரத்துக்கு 2 அல்லது 3 ராத்திரி. எரியலேன்னா ஒரு நாள் விட்டு ஒரு நாள். சாலிசிலிக் ஒத்துக்கலேன்னா 5 முதல் 10% வரைக்கும் லாக்டிக் அமிலம். ரெண்டையும் ஒரே ராத்திரியில போடாதீங்க. மத்த நாள்ல வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர். கால் வெளியில தெரியற உடைன்னா சன்ஸ்க்ரீன் அவசியம், இல்லேன்னா அந்தக் கறுப்பு போகவே போகாது. பலன் தெரிய 2, 3 வேக்ஸிங் சுற்று பிடிக்கும்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. இப்ப உள்ள தெரியற முடியை ஊசியால எடுத்துடலாமா? முகத்துக்கு ராத்திரி அடாபலீன்ங்கற பரு மருந்து போடறேன், அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

பதில் 3:
முடி தோலுக்கு மேல வளையமாத் தெரிஞ்சா மட்டும்தான் தொடணும். வெதுவெதுப்பான துணி ஒத்தடம் 10 நிமிஷம், ஸ்பிரிட்ல துடைச்ச ஊசியால வளையத்தை மட்டும் நெம்பி விடுங்க. பிடுங்கக் கூடாது, பிடுங்கினா அடுத்த முடியும் அதே பாதையில திரும்ப உள்ள போகும். தோலுக்கு அடியில இருக்கறதைத் தோண்டவே வேண்டாம்.

அடாபலீன் முகத்துக்கு மட்டும்னா காலுக்குப் பிரச்சினை இல்லை. ஆனா மேல் உதட்டுக்கு வேக்ஸ் பண்ணுவீங்கன்னா ஒரு வாரம் முன்னாடியே நிறுத்திடுங்க, இல்லேன்னா தோலே உரிஞ்சு வரும். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடறவங்க உடம்புல எங்கயுமே வேக்ஸ் பண்ணக் கூடாது, நிறுத்தின பிறகும் 6 மாசம் தள்ளிப் போடணும்.

இன்னொண்ணு. வேக்ஸிங் பண்ணின மறுநாளே ஒவ்வொரு முடிக்காலிலும் சீழ் முத்து வந்தா அது இன்க்ரோன் (முடி உள்ள சுருண்டுக்கறது) இல்ல, முடிக்காலில கிருமித் தொற்றா இருக்கலாம். அதுக்கு அமிலம் போடாதீங்க. வேக்ஸிங் பண்ணாத மேல் கையிலயும் வருஷம் முழுக்கச் சொரசொரப்பு இருந்தா கெரட்டோஸிஸ் பைலாரிஸா (முடி வர்ற வாயில செத்த தோல் அடைச்சு வர்ற சொரசொரப்பு) இருக்கலாம், அது வேற கதை. மருந்துக்கடையில கேட்டதும் எடுத்துக் கொடுக்கற, ஸ்டீராய்டும் ஆன்டிபயாட்டிக்கும் பூஞ்சை மருந்தும் கலந்த ட்யூபை மட்டும் வாங்கிடாதீங்க. ரெண்டு நாள் அடங்கின மாதிரி இருக்கும், தொடர்ந்து போட்டாத் தோல் மெலிஞ்சிடும். வலி, சூடு, பரவற சிவப்பு, காய்ச்சல் இருந்தாலோ, சர்க்கரை நோய் இருந்தாலோ நேரா தோல் டாக்டர்.

பதில் 1:
இவ்வளவும் செஞ்சும் அடங்கலேன்னா லேசர் யோசிக்கலாம். நம்ம நிறத்துக்கு என்டி யாக்ங்கற லேசர் வகை (அலைநீளம் 1064 நானோமீட்டர்) பாதுகாப்பானது. பெரும்பாலும் 6 முதல் 8 அமர்வு ஆகும். அதுக்கு 4 வாரம் முன்னாடியே வேக்ஸிங்கை நிறுத்தணும், வேர் உள்ள இருந்தாத்தான் லேசர் பிடிக்கும். அந்த இடைவெளியில மட்டும் ரேஸர் போடலாம்.