எண்ணெய் கத்தரிக்காய் குழம்பில் காயின் தோல் மட்டும் வேகவே மாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?

புதுக்கரண்டி:
வணக்கம். எண்ணெய் கத்தரிக்காய் குழம்பு எப்போது வைத்தாலும் ஒரே தொல்லை. மசாலா நன்றாக வருகிறது, புளியும் உப்பும் சரியாக நிற்கிறது. ஆனால் காயைக் கடித்தால் தோல் சவ்வு போல இழுக்கிறது. காம்பை ஒட்டிய பகுதி நறுக்கென்று கிடக்கிறது. இன்னும் கொதிக்கவிட்டால் குழம்புதான் சுண்டுகிறது, காய் அப்படியே இருக்கிறது. சில நாள் லேசாகக் காறவும் செய்கிறது.

நான் செய்வது இதுதான்: சின்ன ஊதாக் கத்தரிக்காயைக் காம்போடு நாலாகக் கீறி, வறுத்து அரைத்த மசாலாவை (மல்லி, மிளகாய், கடலைப்பருப்பு, எள், தேங்காய்) உள்ளே அடைப்பேன். நல்லெண்ணெயில் தாளித்து, சின்ன வெங்காயம் வதக்கி, காயைப் போட்டு ஒரு பிரட்டு பிரட்டி, உடனே புளித்தண்ணீர் ஊற்றி மூடிவிடுவேன். எண்ணெய் இரண்டு ஸ்பூன்தான், வீட்டில் கொலஸ்ட்ரால் கணக்கு. பெங்களூரில் இருக்கிறோம். ஞாயிறன்று வாங்கினால் வாரம் முழுக்க ஃபிரிட்ஜில் இருக்கும். குக்கரில் ஒரு விசில் விட்டால் சரியாகுமா?

அம்மிக்கல்:
குக்கர் வேண்டாம். சதை கூழாகும், மசாலா வெளியே வரும், தோல் தனியாக மிதக்கும்.

மண்சட்டி:
நீங்களே பதிலை எழுதிவிட்டீர்கள்: "ஒரு பிரட்டு, உடனே புளித்தண்ணீர்". அங்கேதான் சிக்கல்.

காய்களைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருப்பது பெக்டின் என்ற பொருள். சூட்டில் அது கரையக் கரையத்தான் காய் மெத்தென்று ஆகும். புளிப்பு சேர்ந்தால் அது கரைவது மிகவும் மெதுவாகிவிடும். அதனால்தான் புளிக்குழம்புக்குச் சேப்பங்கிழங்கையும் காராமணியையும் முதலிலேயே வேகவைத்துக்கொள்கிறோம். கத்தரிக்காய் சீக்கிரம் வேகும் காய் என்ற நம்பிக்கையில் அதை மட்டும் பச்சையாகப் புளியில் தள்ளிவிடுகிறோம். போர்வெல் தண்ணீர் என்றால் அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் காயை இன்னும் இறுக்கும்.

வரிசையை மாற்றுங்கள். கால் கிலோ காய்க்கு மூன்று, நான்கு மேசைக்கரண்டி நல்லெண்ணெய். தாளிப்புக்கு முன்னால் காயை மட்டும் போட்டு, கொஞ்சம் உப்பு தூவி, மூடி, சிறு தீயில் வையுங்கள். அவ்வப்போது திருப்பிவிட்டால் பத்து நிமிடத்தில் பளபளக்கும் ஊதா மங்கிப் பழுப்பாகும், தோல் சுருங்கும். ஆனால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். காம்புக்குக் கீழே, கீறல் முடியும் இடத்தில், கத்தி முனையால் குத்துங்கள். வெண்ணெயில் இறங்குவது போல இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் புளியைத் தொடக்கூடாது. காயை எடுத்து வைத்துவிட்டு அதே எண்ணெயில் தாளித்து, வெங்காயம், மசாலா, புளித்தண்ணீர் என்று போய், பச்சை வாசனை அடங்கிய பிறகு காயைத் திரும்பப் போட்டால் போதும். ஐந்து நிமிடம் குழம்பில் ஊறட்டும்.

புதுக்கரண்டி:
மசாலாவை உள்ளே அடைத்துவிட்டு இப்படி வதக்கினால் கருகாதா?

மண்சட்டி:
கருகும். அதனால் பாதி மசாலாவை வெந்த காய்க்குள் அடையுங்கள், மீதியைக் குழம்பில் கரையுங்கள். பார்க்கக் கொஞ்சம் அலங்கோலமாக இருக்கும், பரவாயில்லை. வெறும் காயைக் கீறும்போது இன்னொரு லாபம்: புழு இருக்கிறதா என்று விரித்துப் பார்த்துவிடலாம். காய்த்துளைப்பான் வெளியே சின்ன ஓட்டை மட்டும் காட்டும், சில சமயம் அதுவும் தெரியாது.

இட்லிக்குண்டான்:
எண்ணெய்க்கு ஒரு வழி சொல்கிறேன். கத்தரிக்காயின் சதை முழுக்கக் காற்றறை. பச்சையாக எண்ணெயில் போட்டால் அந்த இடமெல்லாம் எண்ணெய் குடிக்கும். முதலில் இட்லித் தட்டில் வைத்து ஐந்தாறு நிமிடம் ஆவி காட்டுங்கள். சதை அமுங்கிவிடும், அப்புறம் இரண்டு ஸ்பூன் எண்ணெயே தாராளம். தோலும் வெந்துவிடும்.

அம்மிக்கல்:
ஆவியில் வேகவைத்தது எப்படி எண்ணெய் கத்தரிக்காய் ஆகும்? கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்காவிட்டால் அது வேறு பண்டம்.

இட்லிக்குண்டான்:
அவர் வீட்டுக் கொலஸ்ட்ராலுக்கு நீங்களா மாத்திரை வாங்கித் தரப்போகிறீர்கள்? 🙂

வேலூர்க் கோட்டை:
காயையும் பாருங்கள். எங்கள் பக்கம் இலவம்பாடி முள் கத்தரிக்காய் உண்டு. காம்பில் முள் இருக்கும், கை ஜாக்கிரதை. சதைப்பற்று அதிகம், சீக்கிரம் வெந்துவிடும், குழம்பில் கரையாமலும் நிற்கும். 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆம்பூர் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் கத்தரிக்காய்க்கும் இந்த மாதிரி காய்தான் பொருத்தம். பெங்களூரில் கிடைக்குமா என்றால், ஓசூர் வழியாக யாராவது கொண்டு வந்தால்தான். அங்கேயே வாங்குவதென்றால் உடுப்பிப் பக்கத்து மட்டு குள்ள என்ற பச்சைக் குண்டுக் கத்தரியை மங்களூர் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். தோல் மெல்லிசு. ஆனால் அதைக் காம்போடு அடைக்க முடியாது, துண்டு போட்டுச் சாம்பாருக்கு அருமை.

கிணற்றடி:
காறலைப் பற்றி யாருமே பேசவில்லையே. புதுக்கரண்டி, வெட்டும்போது விதை எந்த நிறத்தில் இருக்கிறது?

புதுக்கரண்டி:
வெள்ளிக்கிழமை வாக்கில் வெட்டினால் பழுப்பு. தோலில் அங்கங்கே சின்னக் குழியும் விழுந்திருக்கும்.

கிணற்றடி:
அதுதான். கத்தரிக்காய் வெயில் காலத்துச் செடியின் காய், குளிர் அதற்கு ஆகாது. 10 டிகிரிக்குக் கீழே நாள்கணக்கில் இருந்தால் தோல் குழியும், விதை பழுப்பாகும், காறும். ஃபிரிட்ஜ் அதைவிடக் குளிராகத்தான் ஓடுகிறது. இரண்டு நாளைக்கு வேண்டியதை வாங்கி, துணிப்பையில் வெளியிலேயே வையுங்கள். வைத்தே ஆக வேண்டும் என்றால் ஃபிரிட்ஜின் கதவுப் பக்கம்.

வாங்கும்போது காம்பின் தொப்பி பச்சையாக, காயோடு ஒட்டி இருக்க வேண்டும். ஒரே அளவில் இரண்டு காய் இருந்தால் கனம் குறைந்ததை எடுங்கள். ஊதா மங்கி மஞ்சள் தட்டினால் முற்றல். முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதான் ஆகும், உங்கள் பைக்குள் வர வேண்டியதில்லை. வெட்டியவுடன் உப்புத் தண்ணீரிலோ அரிசி கழுநீரிலோ போட்டால் கறுக்காது, காறலும் கொஞ்சம் குறையும். முற்றின காயை அது காப்பாற்றாது.

பனங்கொட்டை:
யாழ்ப்பாணத்தில இந்தப் பிரச்சினையே வராது. எங்கட பொரிச்ச குழம்புக்குக் கத்தரிக்காயை நீளமா வெட்டி, உப்பும் மஞ்சளும் பிரட்டி, நல்லாப் பொரிச்சு எடுத்துப்போட்டுத்தான் குழம்புக்குள்ள போடுவம். புளியும் தேங்காய்ப்பாலும் கொதிச்ச பிறகு கடைசியாப் போட்டால் சரி. எண்ணெய் கூடத்தான், அதைப் பற்றி என்னட்டைக் கேளாதேங்கோ.

புதுக்கரண்டி:
மண்சட்டி சொன்னபடி இன்று புது காயில் வைத்தேன். தோல் நன்றாக வெந்தது, காறலும் இல்லை. ஒரு பெரிய காயில் மட்டும் கழுத்துப் பகுதி லேசாக இறுக்கம். இரண்டு கேள்வி. ஒன்று, அந்தக் கழுத்துக்கு என்ன செய்வது? இரண்டு, ஃபிரிட்ஜில் இருக்கும் பழைய காய்களைத் தூக்கிப் போட வேண்டியதுதானா?

மண்சட்டி:
ஒரே அளவாகப் பொறுக்குங்கள். பெரிய காயில் கீறலைக் காம்பு வரைக்கும் இறக்குங்கள், காம்பையே தொட்டுக் கொஞ்சம் பிளந்தாலும் காய் பிரியாது. மூடி போட்ட முதல் ஐந்து நிமிடம் கழுத்துப் பக்கம் சட்டியின் நடுவில் இருக்கட்டும், சூடு அங்கேதான் அதிகம்.

கிணற்றடி:
பழையதில் அழுகலோ புளித்த வாடையோ இருந்தால் குப்பை. இல்லை என்றால் விதைப்பகுதியை வழித்து எறிந்துவிட்டு மீதியைக் கொத்சு வையுங்கள். சிதம்பரத்தில் சம்பா சாதத்துக்குத் தொட்டுக்கொள்வார்களே, அது. காயை நல்லெண்ணெயில் குழைய வதக்கி மசித்து, புளித்தண்ணீர், வறுத்துப் பொடித்த மல்லி, மிளகாய், கடலைப்பருப்பு. மசிப்பதால் தோல் தொல்லை கிடையாது. சம்பா சாதத்தில் மிளகும் சீரகமும்தான் முக்கியம். சம்பா சாதம் இல்லாவிட்டால் கொத்சை இட்லிக்கு ஊற்றிக்கொள்ளுங்கள்.

புதுக்கரண்டி:
சுட்டுத் துவையல் அரைக்கலாம் என்றும் நினைத்தேன். இங்கே இண்டக்‌ஷன் அடுப்பு, தீயே கிடையாது.

கிணற்றடி:
இரும்பு தோசைக்கல்லில் சுடலாம். காயின் மேல் எண்ணெய் தடவி நாலைந்து இடத்தில் கத்தியால் குத்துங்கள், இல்லாவிட்டால் ஆவி அடைத்து வெடிக்கும். நடுத்தரச் சூட்டில் ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து மூடி, திருப்பித் திருப்பிச் சுட்டால் இருபது நிமிடத்தில் தொய்ந்துவிடும். புகை வாசனை குறைவாகத்தான் இருக்கும். மிளகாயையும் பூண்டையும் அதே கல்லில் கருக வறுத்துச் சேர்த்து அரைத்தால் ஓரளவு ஈடாகும்.