கிளவுட் ஃபோல்டர்ல ஸ்கிரிப்ட் போட்டு வேற மெஷின்ல ஓட்டுறேன், ஒரே வேலை பல தடவ ஓடுது, ஏன்?

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. வேலை பாக்குற எடத்துல ஒரு லினக்ஸ் மெஷின் இருக்கு, ரேம் நெறைய, கணக்கெல்லாம் அதுலதான் ஓட்டணும். ஆனா வெளியிலேர்ந்து எஸ்எஸ்ஹெச்ல (தூரத்துலேர்ந்து மெஷினுக்குள்ள நுழையற முறை) வர வழியில்ல, அதுக்கான போர்ட் (நெட்வொர்க் வாசல்) திறக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க. அதனால நான் என்ன பண்ணேன்னா, என் லேப்டாப்லயும் அந்த மெஷின்லயும் ஒரே கிளவுட் ஃபோல்டர் சிங்க் ஆகுது இல்ல, அதுக்குள்ள 'வேலை'ன்னு ஒரு ஃபோல்டர் வச்சு, அந்தப் பக்கம் நிமிஷத்துக்கு ஒரு தடவ கிரான் (குறிச்ச நேரத்துல கமாண்டைத் தானா ஓட்டுற லினக்ஸ் வசதி) அதை எட்டிப் பாக்கும், ஸ்கிரிப்ட் இருந்தா ஓட்டும், ஓட்டி முடிச்சதும் டெலீட் பண்ணிடும். சின்னச் சின்ன ஸ்கிரிப்டுக்கு ஒரு குறையும் இல்ல. நேத்து ராத்திரி 20 நிமிஷம் ஓடுற ஒண்ணைப் போட்டுட்டுப் படுத்துட்டேன், காலைல பாத்தா மெமரி ரொம்பி மெஷின் திணறிப் போய் நிக்குது, ரிசல்ட் ஃபைல்ல ஒரே வரி திரும்பத் திரும்ப இருக்கு. இன்னொரு நாள் புது டேட்டா அனுப்பியும் பழைய டேட்டாவுக்கே கணக்குப் போட்டு வச்சிருந்துச்சு. சிங்க் பண்ற சாஃப்ட்வேர்ல கோளாறா, நான் எழுதுனதுல தப்பா?

பதில் 1:
சிங்க்ல கோளாறு இல்லங்க. நீங்களே சொல்லிட்டீங்க பாருங்க, ஓட்டி முடிச்சப்புறம் டெலீட்னு. 20 நிமிஷம் ஃபைல் அங்கயேதான் கெடக்கு, கிரான் நிமிஷத்துக்கு ஒரு தடவ வந்து அதையே புதுசா நெனச்சு இன்னொரு தடவ கெளப்பி விடுது, அப்புறம் மெமரி எங்க தாங்கும். மொதல்ல எடுத்து வைங்க, அப்புறம் ஓட்டுங்க. அதாவது ஸ்கிரிப்டை சிங்க் ஃபோல்டருக்கு வெளிய, அதே ஃபைல்சிஸ்டத்துல (டிஸ்க்கோட அதே பகுதில) இருக்குற வேற ஃபோல்டருக்கு எம்வி (ஃபைலை நகத்துற கமாண்ட்) போட்டு நகத்துங்க, நகந்தா மட்டும் ஓட்டுங்க. ஒரே ஃபைல்சிஸ்டத்துக்குள்ள எம்வி-ங்கறது வெறும் பேர் மாத்துறதுதான், பாதில நிக்காது, ரெண்டு பேரு ஒரே நேரத்துல கை வச்சாலும் ஒருத்தருக்குத்தான் கிடைக்கும். இதுல இன்னொரு சௌகரியம், அங்க நகந்தது சிங்க் ஆனதும் உங்க லேப்டாப்லயும் அந்த ஃபைல் காணாமப் போயிடும், அது மறைஞ்சாலே அந்தப் பக்கம் வேலையை எடுத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம். எனக்கு இது ரொம்பப் புடிச்ச விஷயம், தனியா மெசேஜ் எதுவும் அனுப்ப வேண்டாம். கூடவே கிரான் வரில எஃப்லாக்கும் (ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் ஓட விடுற பூட்டு) போட்டுருங்க, பழசு முடியாம புதுசு ஆரம்பிக்காது.

பழைய டேட்டா கதை வேற. ஸ்கிரிப்ட் ரெண்டு கேபி, டேட்டா பெருசு. எது முன்னாடி போய்ச் சேரும்னு சிங்க் எந்த உத்தரவாதமும் தராது, குட்டி ஃபைல் முந்திக்கிட்டு போயிருக்கும். எல்லாத்தையும் அனுப்புறப்ப டேட்டா ஃபைலோட எஸ்ஹெச்ஏ256 செக்சம்மையும் (ஃபைல்ல இருக்குறதை வச்சு கணக்குப் போடுற, கைரேகை மாதிரியான எண்) ஒரு சின்ன ஃபைல்ல எழுதி அனுப்புங்க. அந்தப் பக்கம் செக்சம் சரியா இருந்தா ஓட்டு, இல்லன்னா தொடாம விடு, அடுத்த நிமிஷம் பாத்துக்கலாம். 'ரெண்டு நிமிஷம் ஸ்லீப் போட்டு காத்திருந்தா வந்துரும்'னு சிலர் சொல்வாங்க, நெட் மெதுவா இருக்குற அன்னிக்கு அது காலை வாரிடும்.

பதில் 2:
மேல சொன்னதெல்லாம் சரி, ஆனா எனக்கு வேற ஒரு கவலை. அந்த ஃபோல்டர்ல எந்த ஸ்கிரிப்டைப் போட்டாலும் ஓடும்னா, உங்க கிளவுட் அக்கவுண்ட் பாஸ்வேர்ட் யார் கைல சிக்குதோ அவங்க கைல அந்த மெஷினும் சிக்கிடுச்சு. எப்பவோ லாகின் பண்ணி மறந்த பழைய ஃபோன், யாருக்கோ ஷேர் பண்ண லிங்க், எல்லாமே வாசல்தான். போர்ட் திறக்க மாட்டோம்னு சொன்னவங்க காரணமாத்தான் சொல்லியிருப்பாங்க, அவங்களுக்குத் தெரியாம இதை ஓட்டாதீங்க, நேராப் போய் சொல்லிடுங்க.

நான் பண்றது இதுதான்: ஸ்கிரிப்ட் எதுவும் ஃபோல்டர் வழியாப் போகாது. எல்லாம் அந்த மெஷின்லயே சிங்க் ஆகாத எடத்துல இருக்கும், ஃபோல்டர் வழியாப் போறது வேலையோட பேர் மட்டும். 'மாதக்கணக்கு'ன்னு ஒரு வார்த்தை உள்ள இருந்தா அதுக்கான ஸ்கிரிப்ட் ஓடும், லிஸ்ட்ல இல்லாத வார்த்தை வந்தா லாக்ல எழுதிட்டுத் தூக்கிப் போட்டுடும். அந்த வார்த்தையை அப்படியே ஷெல்லுக்கு (கமாண்டை ஓட்டுற புரோகிராம்) குடுத்துடாதீங்க, லிஸ்டோட ஒப்பிட மட்டும் பண்ணுங்க, இல்லன்னா செமிகோலன் போட்டு பக்கத்துல இன்னொரு கமாண்ட் எழுதி அனுப்பினா அதுவும் ஓடிடும். சூடோ (அட்மின் அதிகாரம்) இல்லாத தனி யூசர்ல ஓட்டுங்க. புதுசு புதுசா ஸ்கிரிப்ட் அனுப்பியே ஆகணும்னா ஜிபிஜில (ஃபைலுக்கு டிஜிட்டல் கையெழுத்துப் போடுற டூல்) கையெழுத்துப் போட்டு அனுப்புங்க, அந்தப் பக்கம் சரிபாத்துட்டு ஓட்டட்டும்.

கேட்டவர்:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. எம்வி, எஃப்லாக் ரெண்டும் போட்டாச்சு, 20 நிமிஷ வேலை ஒரே ஒரு தடவதான் ஓடுச்சு. லேப்டாப்ல ஃபைல் மறையறதைக் கண்ணால பாத்தப்ப உண்மையிலேயே சந்தோஷமா இருந்துச்சு. நிர்வாகம் பாக்குறவர்கிட்டயும் சொல்லிட்டேன், பேர் மட்டும் அனுப்புற முறைன்னா சரின்னுட்டார். ஆனா ஒரு ஸ்கிரிப்ட் மட்டும் கையால ஓட்டுனா ஓடுது, கிரான்ல பைத்தான் பேக்கேஜ் இல்லன்னு எரர் வருது.

பதில் 1:
கிரானோட பாத் (புரோகிராமைத் தேடுற ஃபோல்டர் லிஸ்ட்) ரொம்பச் சுருக்கம், உங்க பேஷ்ஆர்சி (டெர்மினல் திறக்குறப்ப படிக்கிற செட்டிங் ஃபைல்) எதையும் அது படிக்காது. வர்ச்சுவல் என்விரான்மென்ட்டுக்குள்ள (பேக்கேஜை தனியா வச்சிருக்குற பைத்தான் ஃபோல்டர்) இருக்குற பைத்தானோட முழுப் பாதையை ஸ்கிரிப்ட்ல எழுதிடுங்க. லேப்டாப் விண்டோஸா இருந்தா வரி முடிவையும் பாத்துக்கோங்க, மொதல் வரி கடைசில ஒரு கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒட்டிக்கிட்டு 'அப்படி ஃபைலே இல்ல'ன்னு சொல்லும், டாஸ்டுயூனிக்ஸ்னு வரி முடிவை மாத்துற கமாண்டை ஓட்டுனா போயிடும். அப்புறம் லாகை சிங்க் ஃபோல்டருக்குள்ளயே நேரா எழுதாதீங்க, ஒவ்வொரு வரிக்கும் திரும்பத் திரும்ப அப்லோடு ஆகிட்டே இருக்கும். வெளிய எழுதி வேலை முடிஞ்சதும் காப்பி பண்ணுங்க.

கேட்டவர்:
பைத்தானோட முழுப் பாதை குடுத்ததும் ஓடிடுச்சு. லாகையும் வெளிய மாத்திட்டேன்.