சிலபஸ் முடியாதுன்னு சொல்ற ஆசிரியர்களைப் புது முறைக்கு எப்படிக் கொண்டு வர்றது?

நொய்யல்:
கோவைப் பக்கம் பொறியியல் கல்லூரி, மெக்கானிக்கல் துறை, 14 ஆசிரியர்கள். ஒருநாள் பயிற்சி வைத்தால் தலையாட்டுகிறார்கள். மறுநாள் பழையபடி போர்டும் நோட்ஸும்தான். வகுப்புக்கு 60 பேர், நகராத பெஞ்சு. கட்டாயப்படுத்தாமல் மாற்ற வழி உண்டுங்களா?

காளிங்கராயன்:
14 பேரையும் விடுங்க. ஒரே பாடத்தை இரண்டு செக்‌ஷனுக்கு எடுக்கும் இருவரைப் பிடிங்க. வாரம் ஒரு பீரியடில் 8 நிமிடம் மட்டும் கேளுங்க. அதில் ஒரு கேள்வி கேட்டு, மாணவர்கள் தனியாக யோசித்துப் பிறகு பக்கத்தில் இருப்பவரோடு பேசி விடை காணும் முறை. பேராசிரியர் எரிக் மஸூர் ஹார்வர்டில் 1991இல் இயற்பியல் வகுப்புக்குக் கொண்டுவந்தது, நகராத பெஞ்சுக்கும் பொருந்தும்.

கேள்வி நம்மூர்ப் பொருளாகவே இருக்கட்டும்: ஓடுகிற சென்ட்ரிஃபியூகல் வகை மோனோபிளாக் பம்பில், தண்ணீர் வெளியேறும் பக்கத்து டெலிவரி வால்வை மூடினால் ஆம்பியர் கூடுமா, குறையுமா, மாறாதா? "அடைத்தால் மோட்டார் திணறும்" என்று பலரும் கூடும் என்பார்கள். சென்ட்ரிஃபியூகல் பம்பில் தண்ணீர் போவது குறைவதால் ஆம்பியரும் குறையும். லேபில் கிளாம்ப் மீட்டர் வைத்துக் காட்டுங்க. அரை நிமிடத்துக்கு மேல் மூடி வைக்க வேண்டாம், உள்ளே தண்ணீர் சூடாகி சீல் கெடும்.

ஒரு நிமிடம் பேசாமல் யோசிக்கணும். பிறகு ஏ4 தாளை நாலாக மடித்து, விடை எழுதிய பக்கத்தை எல்லோரும் ஒரே நேரத்தில் நெஞ்சோடு பிடிக்கணும். கை தூக்கச் சொன்னால் முதல் பெஞ்சைப் பார்த்துத்தான் மற்றவர்கள் தூக்குவார்கள். 60இல் சரியான விடை 18க்குக் கீழே என்றால் திரும்ப நடத்துங்க. 42க்கு மேல் என்றால் சுருக்கமாக விளக்கிவிட்டு நகருங்க. நடுவில் இருந்தால்தான் பக்கத்தில் இருப்பவரோடு 2 நிமிடம் பேசவிட்டு மறுபடி காட்டச் சொல்லணும்.

அமராவதி:
இன்டர்னல் தேர்வில் சூத்திரத்தை வருவிக்கச் சொல்லும் பழைய "டெரைவ் செய்க" கேள்வி மட்டுமே வந்தால் மாணவர்களே இதை மதிக்க மாட்டார்கள். இந்த மாதிரிக் கேள்வி ஒன்றாவது 4 மார்க்குக்கு வரணும்.

பெரிய தடை மாணவர் ஃபீட்பேக். ஹார்வர்டில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், இப்படிப் படித்த மாணவர்கள் கூடுதலாகக் கற்றும், குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். அதனால் ஃபீட்பேக்கில் ஆசிரியரின் மதிப்பெண் சரியலாம். அந்த செமஸ்டர் ஃபீட்பேக் அப்ரைசலில் சேராது என்று முதல்வர் முன்கூட்டியே எழுத்தில் தரணும். அது இல்லாமல் யாரையும் கூப்பிடாதீங்க, பாவம். ஃபைலுக்கு ஃபோட்டோ, அறிக்கை என்றும் கேட்காதீங்க; கேட்டால் ஃபோட்டோ மட்டும்தான் மிஞ்சும்.

நொய்யல்:
அந்த 8 நிமிடம் எங்கிருந்து வரும்?

காளிங்கராயன்:
கணக்கின் தரவையும் படத்தையும் அச்சடித்துக் கொடுத்திருங்க. நீங்கள் போர்டில் எழுதி, மாணவர்கள் பார்த்து எழுதும் நேரம் மிச்சமாகி அது கிடைத்துவிடும்.