‘அவுட்மனூவர்’: ‘முந்திச் சூழ்’ என்று சொல்லலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

எதிராளியின் எண்ணத்தை முன்னரே அறிந்து, அதற்கு மேலாகத் திட்டமிட்டு அவரை வெல்வதை ஆங்கிலத்தில் ‘அவுட்மனூவர்’ (outmanoeuvre) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை வந்த சொற்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன்: தந்திரத்தால் வெல், சூழ்ச்சியால் வீழ்த்து, மதியால் வெல், வியூகத்தில் மிஞ்சு, மடக்கு. ஒவ்வொன்றும் ஏதோ ஓரிடத்தில் பொருந்துகிறது. நான் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும் உல்ம் அத்தியாயத்தில் மட்டும் ஒன்றுகூட உட்கார மறுக்கிறது.

அங்கே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 1805இல் ஆஸ்திரியத் தளபதி மாக், டான்யூப் கரையில் உள்ள உல்ம் நகரில் படையோடு இருந்தார். குதுஸோவின் ரஷ்யப் படை வந்து சேரும்வரை தாக்குப்பிடிப்பது அவர் எண்ணம். பிரெஞ்சுக்காரர்கள் மேற்கே கருங்காட்டு மலைகள் வழியாகத்தான் வருவார்கள் என்று கணக்குப் போட்டார். நெப்போலியன் அந்தக் கணக்கைக் கலைக்கவில்லை, ஊட்டி வளர்த்தார். அவருடைய தளபதி ம்யூராவின் குதிரைப்படை கருங்காட்டுப் பக்கம் போக்குக்காட்டியது. பெரும்படையோ வடக்கே சுற்றிப் போய், உல்முக்குக் கிழக்கே டான்யூபைக் கடந்தது. மாக் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தபோது, வியன்னா செல்லும் வழி அவருடைய முதுகுக்குப் பின்னால் அடைபட்டுவிட்டது. உல்முக்கு அருகே எல்ஷிங்கனில் கடும் சண்டை நடந்தது உண்மைதான். ஆனாலும் முடிவைத் தீர்மானித்தது படையின் நடை. அக்டோபர் 20 அன்று 20,000க்கும் மேற்பட்ட ஆஸ்திரிய வீரர்கள் ஆயுதங்களைக் கீழே வைத்தார்கள்.

இதற்குத் ‘தந்திரம்’ என்று எழுதினால் நரிக்கதை வாசம் வந்துவிடுகிறது. ம்யூராவின் போக்குக்காட்டல் தந்திரம், சரி. ஒரு பெரும்படையையே நடத்திக் கொண்டுபோய்ச் சரியான நாளில் சரியான கரையில் நிறுத்தியது தந்திரம் அல்ல.

‘மடக்கு’ எனக்கு மிகவும் பிடித்த சொல். பேச்சில் மடக்கினான், வழியில் மடக்கினான் என்று எல்லோர் வாயிலும் இருக்கிறது. ஆனால் அது விளைவை மட்டும்தான் சொல்கிறது. எதிரி என்ன நினைக்கிறான் என்று தெரிந்து அதற்கு ஒரு படி மேலே யோசித்தது அந்தச் சொல்லில் இல்லை. போலீஸ் நாற்சந்தியில் வண்டியை நிறுத்தினாலும் மடக்கல்தான்.

அப்புறம் ‘சூழ்ச்சி’. இந்தச் சொல்லுக்கு நாம் இழைத்த அநியாயம் பெரிது. “சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்” என்று வள்ளுவர் சொல்லும்போது அது ஆராய்ந்து எண்ணுதல். “சூழ்வாரைச் சூழ்ந்து கொளல்” என்கிறபோது சூழ்வார் என்போர் அரசனுக்குக் கண்ணாக இருக்கும் அமைச்சர்கள். இன்று சூழ்ச்சி என்றால் சதி. அந்தக் கறையை நம்மால் இனிக் கழுவ முடியாது. ஆனால் ‘சூழ்’ என்னும் வினையில் கறை படியவில்லை. அதற்கு ஆராய்தல் என்றும் பொருள், சுற்றி வளைத்தல் என்றும் பொருள். உல்மில் நடந்தது இந்த இரண்டும்தான்.

இதை யோசித்துக்கொண்டிருந்தபோது ஊழ் அதிகாரத்தின் கடைசிக் குறள் நினைவுக்கு வந்தது:

“ஊழிற் பெருவலி யாவுள மற்றொன்று
சூழினுந் தான்முந் துறும்.”

நாம் வேறொன்று சூழ்ந்தாலும் ஊழ் நமக்கு முன்னே வந்து நிற்கும். நாம் தேடுவதன் உட்பொருள் அப்படியே இந்த ஈற்றடியில் இருக்கிறது. சூழ்தல், முந்துதல் இரண்டும் சேர்ந்தே கிடக்கின்றன. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

ஆகவே என் பரிந்துரை: வினையாக ‘முந்திச் சூழ்’, பெயராக ‘முந்துசூழ்வு’. முந்துநூல் போல இதுவும் வினைத்தொகை, இலக்கணச் சிக்கல் எதுவும் இல்லை. “நெப்போலியன் மாக்கை முந்திச் சூழ்ந்தார்.” “உல்ம், முந்துசூழ்வால் கிடைத்த வெற்றி.” வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

‘முந்து’ என்றால் பேருந்து முந்துவது போல வேகம் மட்டும்தானே தோன்றும் என்று ஒருவர் கேட்கக்கூடும். நானே கேட்டுக்கொண்ட கேள்வி அது. அதனால் வேகமே இல்லாத ஒரு நிகழ்வை எடுத்துச் சோதித்தேன். 1974 அக்டோபர் 30, கின்ஷாசா. குத்துச்சண்டை மேடையில் 32 வயது முகமது அலி கயிற்றில் சாய்ந்துகொண்டு, தன்னைவிட இளைய, வலுமிக்க ஜார்ஜ் ஃபோர்மனைச் சுற்றுக்குப் பின் சுற்றாக அடிக்கவிட்டார். ஃபோர்மனின் கைகள் ஓய்ந்தன. எட்டாம் சுற்றில் அலி அவரை வீழ்த்தினார். பார்ப்பவர் கண்ணுக்கு முற்றுகையில் இருந்தவர் அலி. ஆனால் ஃபோர்மனின் வலிமை எங்கே செலவாகி முடியும் என்ற எண்ணத்தில் முந்தியிருந்தவரும் அவரே. தாக்குவதற்காகப் பின்வாங்கும் ஆட்டுக்கடாவை வள்ளுவர் காட்டுகிறாரே, அதே வகை. “அலி ஃபோர்மனை முந்திச் சூழ்ந்தார்” என்று எழுதினால் எனக்கு உறுத்தவில்லை. “மடக்கினார்” என்றால் உறுத்துகிறது.

கால்பந்தில் ஒருவர் உடம்பை இப்படி வளைத்து அப்படி ஓடுவதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்லைப் போடுகிறார்கள். அதற்கு நம்மிடம் ‘போக்குக்காட்டு’ இருக்கிறது, அதுவே போதும். இந்தச் சொல்லுக்குள் அதை இழுக்க வேண்டாம்.

செயப்பாட்டு வினைதான் இன்னும் இடிக்கிறது. “மாக் முந்திச் சூழப்பட்டார்” என்பதில் சுற்றி வளைத்தல் மட்டும் தூக்கலாகி, எண்ணம் பின்னுக்குப் போகிறது. என் வரைவில் இப்போதைக்கு “மாக் முந்துசூழ்வுக்கு ஆளானார்” என்று வைத்திருக்கிறேன். சதுரங்க வர்ணனை எழுதுபவர்கள் ஓர் ஆட்டத்திலாவது இதைப் போட்டுப் பார்த்து, இதைவிடக் குறுகிய வடிவம் கிடைத்தால் எழுதுங்கள்.