தேக்கு இலையைக் கொளுத்தாமல் ஏதாவது எடுக்கலாமா?

கேள்வி – களுவாஞ்சிகுடி, மரக்காலை
வளவுகளில் நிற்கிற தேக்கு, வேம்பு, யூக்கலிப்டஸ் மரங்களை வாங்கி வெட்டுகிறோம். அடிமரம் மரக்காலைக்கு வரும், கொப்பு விறகுக்குப் போகும், இலையை மட்டும் அங்கேயே கூட்டிக் கொளுத்திவிடுவோம். அதில் மருந்துச் சத்து இருக்கிறது, பிரித்து விற்கலாம் என்கிறார்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அவித்தால் சரிவருமா?

பதில் – வந்தாறுமூலை, இரசாயனவியல் மாணவி
ஒன்றாகப் போடாதீர்கள் அண்ணன். ஒவ்வொரு இலையிலும் இருப்பது வேறு, அதை எடுக்கிற வழியும் வேறு. யூக்கலிப்டஸில் முக்கியமானது சினியோல் எண்ணெய். அது தனியாகக் கொதிக்க 176 பாகை வேண்டும், ஆனால் இலைக்குள் நீராவியை விட்டால் 100 பாகைக்குள்ளேயே ஆவியோடு சேர்ந்து வந்துவிடும், குளிரவைத்தால் தண்ணீருக்கு மேலே மிதக்கும். தெற்கே கறுவாப் பட்டை உரித்தபின் மிஞ்சுகிற இலையிலும் இப்படித்தான் எண்ணெய் வடிக்கிறார்கள், அது மட்டும் தண்ணீருக்கு அடியில் தங்கும். தேக்கில் இருப்பது பீனோல் வகைகளும் சாயமும். நிழலில் காயவைத்துத் தூளாக்கி, தண்ணீர் கலந்த எதனோலில், அதாவது மதுசாரத்தில், ஊறவைத்து, வடித்து, மெல்லிய சூட்டில் வற்றவைக்க வேண்டும். எதனோல் வாங்குமுன் மதுவரித் திணைக்களத்தில் கேளுங்கள். வேம்பில் பூச்சிக்கு எதிரான அசாடிராக்டின் விதையில்தான் கூடுதல், இலையில் குறைவு.

அப்புறம், தயவுசெய்து மருந்து என்று யாருக்கும் குடிக்கக் கொடுத்துவிடாதீர்கள். ஆய்வுகூடத் தட்டில் கிருமியைத் தடுக்கிற சாறு உடம்புக்குள் என்ன செய்யும் என்பது வேறு விடயம்.

பதில் – மருதமுனை, கைத்தறி
தம்பி, தேக்கந்தளிரை உள்ளங்கையில் வைத்துக் கசக்கிப் பாருங்கள், கை சிவந்துவிடும். அந்தச் சிவப்பு எங்களுக்கு வேண்டும். எதனோலும் தேவையில்லை, தண்ணீரில் அவித்து, படிகாரத்தில் நனைத்த நூலை அதில் போட்டால் சாயம் பிடிக்கும். இரும்புச் சட்டி மட்டும் வேண்டாம், நிறம் கறுத்துப்போகும். முற்றின இலையையும் தளிரையும் கலக்காமல் தனித்தனியாகக் கட்டித் தாருங்கள்.

கேள்வி கேட்டவர்
நன்றி அக்கா, தங்கச்சி. மாரியில் வெட்டினால் இலை எப்படிக் காயும்?

பதில் – வந்தாறுமூலை
காயாது, குவித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். மழைக்காலத்தில் வெட்டுகிற தேக்கந்தளிரைப் பச்சையாகவே அன்றைக்கே மருதமுனைக்கு அனுப்புங்கள். யூக்கலிப்டஸையும் வாட விடாமல் வடிக்கலாம். காயவைத்து எடுப்பதை வெயில் வந்தபின் பார்க்கலாம், ஆனால் கோடையில் தேக்கு இலையை உதிர்த்துவிடும், அதற்கு முன் வெட்டுகிற மரமாகப் பாருங்கள்.