அறிகுறி இல்லாதவருக்கு முழு உடல் ஸ்கேன்: தேவையா, வீண் வேலையா?

கதிரவன்: வயது 45. உடம்பில் ஒரு குறையும் இல்லை. இருந்தாலும் முழு உடல் எம்ஆர்ஐ எடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். புற்றுநோயை முற்றவிட்டுவிட்டு ஓடுவதைவிட முளையிலேயே கிள்ளுவது மேல்தானே? கதிர்வீச்சும் கிடையாது. வேண்டாம் என்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

மலர்விழி: முளைப்பதெல்லாம் ஆளைக் கொல்லுமா என்ன? தென்கொரியாவில் 1999க்குப் பிறகு, அரசின் புற்றுநோய்ப் பரிசோதனைக்குப் போனவர்கள் கூடவே தைராய்டு அல்ட்ராசவுண்டும் எடுத்துக்கொண்டார்கள். 1993ஐவிட 2011இல் தைராய்டு புற்றுநோய் 15 மடங்கு அதிகமாகக் கண்டுபிடிக்கப்பட்டது. இறப்பு விகிதம் மட்டும் அசையவே இல்லை. சுரப்பியை எடுத்தவர்களில் பெரும்பாலோருக்கு ஆயுசுக்கும் மாத்திரை. சிலருக்குக் குரல் நரம்பும் போனது.

சேது: தைராய்டை வைத்து எல்லாவற்றையும் எடைபோடாதீர்கள், அது மெதுவாக வளர்வது. அமெரிக்காவில் 53,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த நுரையீரல் ஆய்வின் முடிவு 2011இல் வந்தது. குறைந்த கதிர்வீச்சு சிடி எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் இறப்பு, மார்பு எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட 20% குறைவு.

மலர்விழி: அதை முழுசாகச் சொல்லுங்கள் சேது. அதில் சேர்ந்தவர்கள் 55 முதல் 74 வயதுக்காரர்கள், தினம் ஒரு பாக்கெட் வீதம் 30 ஆண்டு புகைத்த அளவுக்காவது புகைத்தவர்கள். அவர்களிடமே, சிடியில் சந்தேகம் என்று வந்ததில் 96% புற்றுநோயே இல்லை. கதிரவன் சிகரெட்டாவது பிடிப்பாரா?

கதிரவன்: இல்லை. ஆனால் சீக்கிரம் கண்டுபிடித்தவர்கள் அதிக வருடம் உயிரோடு இருக்கிறார்களே, அது பொய்யா?

மலர்விழி: பொய் இல்லை, கணக்கில் ஏமாற்றம். 70 வயதில் சாகப்போகிறவருக்கு 67இல் தெரிந்தால் 3 ஆண்டு பிழைத்தார். 60இலேயே தெரிந்தால் 10 ஆண்டு பிழைத்தார். சாவு என்னவோ அதே 70இல்தான். அதனால்தான் இறப்பு குறைந்ததா என்று பார்க்கச் சொல்கிறேன்.

பொன்னி: எங்கள் அத்தானுக்கு ஸ்கேன் அறிக்கையில் ஒரே வரி: "இடது அட்ரினல் சுரப்பியில் 1.4 செ.மீ. கட்டி, 6 மாதத்தில் மறுபரிசோதனை." அட்ரினல் என்றால் சிறுநீரகத்தின் மேல் இருக்கும் சின்னச் சுரப்பி. இப்படித் தற்செயலாகத் தென்படுபவை பெரும்பாலும் சாதுவானவைதான். மருத்துவரும் அதையேதான் சொன்னார். மனுஷன் கேட்கணுமே! வயிறு லேசாக இழுத்தால்கூட அந்த ஃபைலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்.

கதிரவன்: பயந்தால் பயந்துவிட்டுப் போகிறேன். என் அப்பா கணையப் புற்றுநோயில் போனார், பெரியப்பாவும் அப்படியே. தெரிந்தபோது கல்லீரல்வரை பரவியிருந்தது.

சேது: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! அப்பாவும் அவர் அண்ணனும் என்றால் உங்கள் கதை வேறு. முதலில் மரபணு ஆலோசகரைப் பாருங்கள். ஆபத்து அதிகம் என்று தெரிந்தால் கணையத்துக்கென்றே எம்ஆர்ஐ, எண்டோஸ்கோப்பி வழி அல்ட்ராசவுண்ட் (வாய் வழியாகக் குழாய் விட்டு உள்ளிருந்து எடுப்பது) என்று தொடர் கண்காணிப்பு உண்டு.

மலர்விழி: இதில் எனக்கும் சண்டை இல்லை. தலை முதல் கால் வரை எடுப்பதற்குத்தான் இன்னும் ஆதாரம் கேட்கிறேன்.

கதிரவன்: ஆலோசகரையும் பார்க்கிறேன். முழு ஸ்கேனையும் விடுவதாக இல்லை.